அழையா மடலும் கள்ளாமை விரதமும்

இல்லறத்தார்க்கென வகுக்கப்பெற்ற ஐந்து அணுவிரதங்களுள் கொல்லாமையைப் பற்றி நாம் நிரம்பப் பேசுகின்றோம். நீரை வடிகட்டிப் பருகுதல், இரவு உணவை விலக்குதல், கிழங்கு வகைகளைத் தவிர்த்தல் ஆகியன நம் இல்லங்களில் குழந்தைகளும் அறிந்த ஒழுக்கங்கள். மூன்றாவதாகிய கள்ளாமை விரதத்தைப் பற்றியோ நம் பேச்சு மிகக் குறைவு. பிறர் வீட்டுப் பூட்டை உடைக்காதவர் அனைவரும் அவ்விரதத்தைக் காத்துவிட்டதாகவே எண்ணிக்கொள்கின்றனர். வாணிகம் புரிவோர் மிகுந்த நம் கோவைச் சமுதாயத்தார்க்கு நாள்தோறும் சோதனை தருவது அம்மூன்றாவது விரதமே என்பது எமது துணிபு.

அச்சோதனைகளுள் ஒன்றை இங்கு ஆராய முற்படுகின்றோம். கேளாதவர்க்கு, அறிமுகமில்லாதவர்க்கு, ஆயிரக்கணக்கில் வாணிக மின்னஞ்சல் அனுப்புதல் அறமாகுமா என்பதே அது. இதனை அற்பமான வினா என்று தள்ளிவிடலாகாது. பாதுகாப்பு நிறுவனங்களின் கணக்குப்படி உலகில் செல்லும் மின்னஞ்சல்களில் அண்மை ஆண்டுகளிலும் ஏறத்தாழப் பாதி வேண்டப்படாத அஞ்சலே. அப்பெருவெள்ளத்தில் நம்மவர் விடும் நீரும் கலந்திருக்கக்கூடும்.

வினா எழும் இடம்

தொண்டாமுத்தூரில் பாக்குமட்டைத் தட்டு செய்து விற்கும் ஓர் இளைஞரை எண்ணிப் பார்ப்போம். நொய்யலின் மேற்பகுதியில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், கமுகந்தோப்புகள் நிறைந்த ஊர் அது. மூலப்பொருள் அருகிலேயே கிடைக்கின்றது. மரத்தை வெட்டாமல், தானே உதிர்ந்த மட்டையைக் கொண்டு செய்யும் தொழிலாதலால் நம் நெறிக்கும் உகந்தது. ஆனால் 2025 மே மாதத்தில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் பாக்குமட்டைக் கலங்களின் இறக்குமதிக்கு எதிராக எச்சரிக்கை விடுத்தது. அங்கே அனுப்பிவந்தோர் வேறு நாடுகளில் வாங்குவோரைத் தேட வேண்டியவராயினர். நம் இளைஞரும் அவர்களுள் ஒருவர் எனக் கொள்வோம். வங்கிக் கடன் உண்டு. வேலையாட்களுக்கு வாரக் கூலி தரவேண்டும். அவ்வேளையில் ஒரு தரகர் வந்து, ஒரு இலட்சம் மின்னஞ்சல் முகவரிகளைச் சில ஆயிரம் ரூபாய்க்குத் தருவதாகவும், அனுப்பும் பொறுப்பையும் தாமே ஏற்பதாகவும் கூறுகின்றார். அவர் என்ன செய்ய வேண்டும்?

வாங்குவோரைத் தேடுவது குற்றமன்று என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். தொலைதூர வாணிகம் கொங்கு நாட்டிற்குப் புதியதன்று. கோவைக்கு அருகில் வெள்ளலூரில் உரோம நாணயங்கள் கிடைத்துள்ளமை பாலக்காட்டுக் கணவாய் வழியே நடந்த பழைய வாணிகத்திற்குச் சான்று கூறுகின்றது. விசயமங்கலத்தில் சந்திரப்பிரப தீர்த்தங்கரர்க்கு ஆலயம் நிலைபெற்றதும், பவணந்தி முனிவர் போன்ற பேரறிஞர் இந்நாட்டில் போற்றப்பெற்றதும், பொருள் ஈட்டி அறத்திற்கு வழங்கிய இல்லறத்தார் இங்கு வாழ்ந்தமையாலன்றோ? ஆகவே வாணிகத்தைப் பழிப்பது நம் நோக்கமன்று. வாணிகர் பிறர் வாயிலை அணுகும் முறையையே ஆராய்கின்றோம்.

கொடாததைக் கொள்ளுதல்

களவு என்பதற்கு உமாஸ்வாமிகளின் தத்துவார்த்த சூத்திரம் தரும் இலக்கணம் மிகச் சுருக்கமானது, மிக விரிந்தது. கொடுக்கப்படாத ஒன்றை எடுத்துக்கொள்வதே களவு என்பது அதன் கருத்து. எடுத்தது பொன்னா, துரும்பா என்னும் பாகுபாடு அதில் இல்லை. அவ்வாறாயின் அழையா மடலை அனுப்புபவர் எடுத்துக்கொள்ளும் பொருள் யாது?

அவர் எடுப்பது பெறுபவரின் காலம், அவருடைய கவனம். தபால் கடிதத்தில் அஞ்சல் தலையின் விலையை அனுப்புபவர் செலுத்தினார், அச்சுக்கூலியும் அவருடையது. ஆகவே பயனில்லாதவர்க்கு அனுப்ப அவர் கை தயங்கியது. மின்னஞ்சலில் அனுப்புபவரின் செலவு ஏறத்தாழ ஒன்றுமில்லை. திறந்து, பார்த்து, நீக்கும் உழைப்பு முழுவதும் பெறுபவர் தலைமேல் ஏறுகின்றது. ஒருவருடைய ஆதாயத்திற்கான செலவைக் கேளாமலே மற்றவர் கணக்கில் எழுதுவது எவ்வகை வாணிகம்?

இதனைக் கணக்கிட்டே பார்க்கலாம். ஒரு மடலைக் கண்டு நீக்க ஐந்து நொடி ஆகுமெனின், ஒரு இலட்சம் மடல்களுக்கு ஐந்து இலட்சம் நொடிகள். அஃதாவது 138 மணி நேரத்திற்கும் மேல். நாளொன்றுக்கு எட்டு மணி வேலை எனின், ஒரு மனிதனின் பதினேழு நாள் உழைப்பு. ஒரு கூலியாளிடம் பதினேழு நாள் வேலை வாங்கிக்கொண்டு கூலி தராமல் அனுப்ப நம்மில் எவரும் துணியார். அதே பதினேழு நாளை ஒரு இலட்சம் பேரிடம் ஐந்து நொடி வீதம் பிரித்து எடுக்கும்போது மட்டும் மனம் உறுத்துவதில்லை.

இந்த நழுவலை நம் ஆசிரியர்கள் முன்பே கண்டுணர்ந்தனர். கள்ளாமை விரதத்திற்கு மாசு சேர்க்கும் ஐந்து அதிசாரங்களை அவர்கள் வகுத்துள்ளனர்: களவுக்குத் தூண்டுதல், களவாடிய பொருளைப் பெறுதல், அரசின் வரம்பை மீறுதல், எடையிலும் அளவிலும் ஏமாற்றுதல், போலியைக் கலந்து விற்றல். கிலோவுக்கு ஐந்து கிராம் குறைத்து நிறுப்பவரைப் பாருங்கள். எந்த வாடிக்கையாளரும் அதனால் ஏழையாவதில்லை. ஆனால் ஒரு இலட்சம் கிலோ விற்கும்போது ஐந்நூறு கிலோ சரக்கு அவர் கைக்குள் சேர்ந்துவிடுகின்றது. இழந்தவர் ஒவ்வொருவரும் அற்பமாக இழந்தார் என்பதனால் எடுத்தவர் அற்பமாக எடுத்தார் ஆகிவிடாது.

இரண்டாம் அதிசாரம் தரகரின் பட்டியலுக்கே நேராகப் பொருந்துகின்றது. ஒரு இலட்சம் பேரின் முகவரிகள் ஒருவர் கைக்கு எவ்வாறு வந்தன? அவர்கள் விற்கக் கொடுத்தார்களா? வங்கிக்கும், கடைக்கும், மருத்துவருக்கும், பயணச் சீட்டுக்குமாக வெவ்வேறு காரணங்களுக்குக் கொடுத்தவை எங்கெங்கோ கசிந்து திரண்டவை அவை. வாங்குபவர் அவற்றைத் தாம் திருடவில்லை என்பது உண்மையே. திருடாமலே திருட்டில் பங்கு பெறும் நிலையைக் குறித்தே அவ்வதிசாரம் சொல்லப்பட்டது. அனுப்புவது தரகரின் பொறுப்பு என்று ஒதுங்கவும் இடமில்லை. தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், செய்வதற்கு உடன்படுதல் என்னும் மூன்றாலும் வினை கட்டும் என்பதே நம் சித்தாந்தம்.

பயனற்ற வருத்தம்

குணவிரதங்களுள் அனர்த்ததண்ட விரதம் என ஒன்று உண்டு. இல்லறத்தார் வாழ்க்கையில் சில தீங்குகள் தவிர்க்க இயலாதவை. உழவுக்கும் உணவுக்கும் வேண்டியவை. யாதொரு பயனுமின்றிப் பிற உயிர்க்கு வருத்தம் தருதலை முற்றும் விடுக என்பதே அவ்விரதத்தின் உட்கிடை. வீணே நிலத்தைக் கிளறுதல், வீணே நீரைச் சிந்துதல், வீணே தழையைப் பறித்தல் ஆகிய கவனமற்ற செயல்களும் அதில் அடங்கும்.

ஒரு இலட்சம் பேருக்கு அனுப்பிய மடலுக்கு இருபது பேர் மறுமொழி எழுதினர் எனக் கொள்வோம். அனுப்பியவர் அதனை வெற்றி என்று கொண்டாடுவார். எஞ்சிய 99,980 பேர்க்கு நேர்ந்த தொல்லை அவர் கணக்கேட்டில் எப்பக்கத்திலும் எழுதப்படுவதில்லை. அவர்களுக்குப் பாக்குமட்டைத் தட்டு தேவையா என்று ஒரு கணமும் எண்ணாமல் அனுப்பியதே குற்றத்தின் வேர். தீய எண்ணம் இல்லை என்பது போதுமான விடையன்று. எண்ணமே இல்லாமை, அஃதாவது பிரமாதம், வினை வருவதற்குரிய வாயில்களுள் ஒன்று என நாம் கற்றிருக்கின்றோம்.

மற்றொரு தீங்கும் உண்டு. நொய்யலின் சித்திரைச்சாவடி அணைக்கட்டு வாய்க்காலைப் போன்ற பழைய பாசன வாய்க்கால்களை அறிந்தோர்க்கு இது எளிதில் விளங்கும். மேல்மடைக்காரர் ஒவ்வொருவரும் தம் முறைக்கு மேல் சிறிதே திருப்பிக்கொண்டால் கடைமடை காய்ந்துபோகும். அஞ்சல் பெட்டியும் பொது வாய்க்காலே. வேண்டாத மடல்கள் பெருகியதனால் வடிகட்டும் பொறிகள் கடுமையாயின; நேர்மையாக ஒருவர்க்கு ஒருவர் எழுதிய மடலும் குப்பைக் கூடையில் விழுகின்றது. உண்மையான சிறு வாணிகரே அதனால் முதலில் நலிகின்றார்.

முதல் மடல் கற்பிப்பது

இவ்வழக்கத்தின் தொடக்கத்தை அறிவதும் பயன் தரும். 1978 மே 3 அன்று, அமெரிக்காவின் டிஜிட்டல் எக்யூப்மென்ட் கார்ப்பரேஷன் என்னும் கணினி நிறுவனத்தின் விற்பனைப் பிரிவைச் சேர்ந்த கேரி தூர்க் என்பார், ஆர்ப்பாநெட் என்னும் ஆராய்ச்சி வலையமைப்பில் இருந்த ஏறத்தாழ 400 பேர்க்குத் தம் நிறுவனத்தின் புதிய கணினிகளைக் காண வருமாறு ஒரே மடலை அனுப்பினார். வேண்டாத வாணிக மின்னஞ்சலின் முதல் நிகழ்ச்சியாக இதனையே கூறுவர்.

அம்முகவரிகள் அவ்வலையமைப்பினர்க்கென அச்சிடப்பெற்ற விவரத் தொகுப்பிலிருந்து எடுக்கப்பெற்றவை. ஆராய்ச்சியாளர் ஒருவரையொருவர் தொடர்புகொள்ளும் பொருட்டு அமைந்த தொகுப்பு, கணினி விற்கும் பொருட்டுப் பயன்பட்டது. முகவரிகளின் எண்ணிக்கை மிகுதியால் அவை தமக்குரிய இடத்தில் அடங்காமல் மடலின் உள்ளேயும் வழிந்தன. கண்டனங்கள் எழுந்தன, வலையமைப்பைப் பேணியோர் கடிந்துரைத்தனர். ஆயினும் அதனால் ஒரு கோடி டாலருக்கு மேல் விற்பனை நிகழ்ந்ததாக அவரே பிற்காலத்தில் கூறியுள்ளார். இங்கேதான் அறநூல் மாணாக்கர் நின்று சிந்திக்க வேண்டும். செயல் பலித்தது என்பதும் செயல் தக்கது என்பதும் வேறு. பலித்ததைக் கண்டு உலகம் பின்பற்றியது, நானூறு கோடிக்கணக்காயிற்று.

எதிர்வாதங்கள்

எதிர்த்தரப்பின் நியாயங்களையும் கேட்டல் வேண்டும். ஒரு பக்கம் மட்டும் நோக்கித் தீர்ப்புரைப்பது அநேகாந்த நெறிக்கு ஒவ்வாது.

பெருநிறுவனங்கள் நாளிதழின் முதற் பக்கத்தை விலைக்கு வாங்குகின்றன. தொலைக்காட்சியில் அரை நிமிடத்திற்கு ஒருமுறை குறுக்கிடுகின்றன. பணமில்லாத சிறு வாணிகர்க்கு மின்னஞ்சலும் கூடாதெனின், அறம் ஏழைக்கு மட்டும் விலங்காகாதா என்பது முதல் வாதம். இதில் உண்மை உண்டு. ஆனால் நாளிதழ் விளம்பரம் வாசகரின் இதழ் விலையைக் குறைக்க உதவுகின்றது. தெருவோரப் பலகை பார்ப்பவர் நிற்காமல் கடந்துபோக இடமளிக்கின்றது. மடலோ ஒருவர்க்கெனவே அமைந்த பெட்டிக்குள் புகுகின்றது. பலகையைத் தெருவில் நாட்டுவதும் வீட்டுக்குள் கொண்டுவந்து வைப்பதும் ஒன்றாகா. பெரியவர் தவறு செய்கின்றார் என்பதும் சிறியவர் செய்ய உரிமை தாராது.

கடை வாயிலிலும் இணையப் பக்கத்திலும் முகவரியை எழுதி வைத்தவர் எவரும் எழுதலாம் என்று அழைத்தவரே அல்லரோ என்பது இரண்டாம் வாதம். பாதி உண்மை இதிலும் உண்டு. பாத்திரக் கடைக்காரர் தம் முகவரியை வெளியிடுவது வாங்கவும் விற்கவும் வருவோர்க்காகவே. அவருடைய கடையை அறிந்து, பெயர் குறித்து, அவர்க்குப் பயன்படக்கூடும் என்று எண்ணி ஒருவர் எழுதும் மடல் வாயிலில் நின்று குரல் கொடுப்பது போன்றது, அதில் குற்றமில்லை. அதே முகவரியைப் பொறி கொண்டு அள்ளி, மருத்துவர்க்கும் ஆசிரியர்க்கும் அனுப்பும் அதே மடலை அவர்க்கும் வீசுவது அழைப்பை ஏற்றல் ஆகாது. கோயில் வாயில் திறந்திருப்பது வழிபட. உள்ளே கடை விரிக்க அன்று.

வேண்டாதவர் நீக்கிவிடலாமே, பெயரை எடுத்துவிடச் சொல்லலாமே என்பது மூன்றாம் வாதம். எடுத்துவிடுக என்று எழுதுவதும் ஓர் உழைப்பே. அனுப்பியவர் ஆயிரவர் எனின் ஆயிரம் முறை எழுத வேண்டும். அவ்வாறு எழுதியதையே முகவரி உயிரோடு இருப்பதற்குச் சான்றாகக் கொண்டு வேறொருவர்க்கு விற்கும் வஞ்சகரும் உளர். கேளாத விசாரணைக்கு நன்றி தெரிவிப்பது போலவும், முன்னர் நடந்த கடிதப் போக்குவரத்தின் தொடர்ச்சி போலவும் தலைப்பிடுவோர் வாய்மை விரதத்தையும் உடன் இழக்கின்றனர்.

சட்டம் நிற்கும் இடம்

இவ்விடர்க்குச் சட்டம் இல்லையா என்று வினவலாம். அமெரிக்கா 2003-இல் இயற்றிய சட்டம், தலைப்பில் பொய் கூடாது, அனுப்புபவரின் முகவரி இருத்தல் வேண்டும், விலக வேண்டுவோரை விலக்க வேண்டும் என்று விதித்தது. முதல் மடலைத் தடுக்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2002-இன் நெறியுரையில், தனிமனிதர்க்கு அனுப்புமுன் ஒப்புதல் பெறுக என்று கூறி, முன்பே வாங்கிய வாடிக்கையாளர்க்கு மட்டும் விலக்களித்தது.

நம் நாட்டில் தொலைபேசி விளம்பரத்திற்கு வரம்பு உண்டு. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2007-இல் தொடங்கி, 2010-இலும் 2018-இலும் விதிகளைத் திருத்தியது. 1909 என்னும் எண்ணில் வேண்டாமையைப் பதிவு செய்யலாம். மின்னஞ்சலுக்கென அத்தகைய தனிச் சட்டம் இயற்றப்படவில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 2009-இல் நடைமுறைக்கு வந்த 66ஏ பிரிவு, எரிச்சலோ இடையூறோ விளைவிக்கும் நோக்குடைய மின்னஞ்சலையும் குற்றமாக்கியது. அதன் சொற்கள் வரையறையின்றி விரிந்து பேச்சுரிமையையே நெரித்தமையால், 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் அப்பிரிவைச் செல்லாதென அறிவித்தது. அத்தீர்ப்பு நன்றே. தனிநபர் விவரங்களைக் காக்கும் சட்டம் 2023 ஆகஸ்டில் இயற்றப்பெற்று, அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பெற்றன. ஒப்புதலை அது முதன்மைப்படுத்துகின்றது. ஆயினும் ஒருவர் தாமே பொதுவில் வெளியிட்ட விவரங்கள் அச்சட்டத்தின் எல்லைக்குப் புறம்பே.

இதிலிருந்து நாம் பெறும் படிப்பினை யாது? எரிச்சலைச் சட்டத்தால் அளக்க முயன்றால் நியாயமான பேச்சும் அகப்படும். அளக்காது விட்டால் தொல்லை பெருகும். அவ்விடைவெளியில் நின்று காக்க வேண்டியது தனிமனிதர் தாமே ஏற்கும் விரதம். அரசு தண்டிக்கும் என்று அஞ்சி விடுவதற்கு விரதம் எதற்கு?

கேட்க மறுக்கும் உரிமையை நம் நீதிமன்றங்கள் வேறோரிடத்தில் தெளிவாகவே போற்றியுள்ளன. சென்னையில் ஒரு வழிபாட்டுக் கூடத்தின் ஒலிபெருக்கி பற்றி அருகிலிருந்த குடியிருப்போர் தொடுத்த வழக்கில், பிறர் அமைதியைக் குலைத்து வழிபடுமாறு எச்சமயமும் விதிக்கவில்லை என 2000 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பேச ஒருவர்க்கு உரிமை உண்டு. கேட்கும்படி மற்றவரைக் கட்டாயப்படுத்த உரிமை இல்லை என்று 2005 ஜூலையில் மற்றொரு தீர்ப்பும் கூறிற்று. இறைவழிபாட்டிற்கே அவ்வரம்பு உண்டெனின் வாணிகத்திற்கு இல்லாமற்போகுமா?

முனிவர் காட்டும் முறை

தீர்ப்பு மன்றங்களுக்கும் முற்பட்ட சான்று நம் திருமரபிலேயே உண்டு. திகம்பர முனிவர் ஆகாரத்தின் பொருட்டு ஊருள் வரும்போது எவர் வாயிலையும் தட்டுவதில்லை. வாய் திறந்து கேட்பதுமில்லை. மௌனமாக நடந்து செல்கின்றார். இல்லறத்தார் தம் வாயிலில் நின்று, பணிந்து எதிர்கொண்டு அழைத்தால் மட்டுமே நிற்கின்றார். எதிர்கொள்ளுதலே தானம் அளிப்போர்க்குரிய ஒன்பது புண்ணியச் செயல்களுள் முதலாவது. அழைப்பார் இல்லையெனின் உண்ணாமலே திரும்புகின்றார். மலரை வருத்தாமல் தேனெடுக்கும் வண்டினை அவ்வொழுக்கத்திற்கு உவமை கூறுவர்.

எவர் வந்தால் இல்லம் புனிதமாகுமோ, அவரே அழைப்பின்றி நம் வாயிலைக் கடப்பதில்லை. ஆதாயம் நாடிச் செல்லும் நாம் அழைப்பின்றி ஒரு இலட்சம் இல்லங்களில் நுழையலாமோ?

நம் சமுதாயத்திற்குள்

இவ்வாராய்ச்சி வெளியுலகத்தோடு நிற்கலாகாது. நம் சங்கங்கள் குடும்ப விவரத் தொகுப்புகளை வெளியிடுகின்றன. திருமண உறவு தேடவும், விழாக்களுக்கு அழைக்கவும், இன்ப துன்பங்களில் உதவவும் கொடுக்கப்பெற்ற பெயரும் எண்ணும் முகவரியும் அவை. அத்தொகுப்பைக் கையில் வைத்துக்கொண்டு காப்பீடு, மனை, நகைச் சீட்டு ஆகியவற்றை விற்க மடல் விடுப்பது 1978-இன் அச்செயலேயன்றி வேறன்று. நம்மவர் தானே என்னும் உறவு அதனை மேலும் கடுமையாக்குகின்றது. ஏனெனில் வெளியாரை மறுப்பது எளிது, உறவினரை மறுப்பது அரிது.

க்ஷமாவணி நன்னாளில் ஆயிரம் பேர்க்கு ஒரே செய்தியை ஒரே அழுத்தத்தில் அனுப்பி மன்னிப்புக் கோரும் வழக்கத்தையும் இங்கு எண்ணிப் பார்க்கலாம். யாரிடம் எதற்காக என்று எண்ணாத மன்னிப்பு, யார்க்கு எதற்காக என்று எண்ணாத விளம்பரத்தோடு ஒப்பதாகிவிடுகின்றது. நாம் வருத்தியவர் ஒருவர்க்கு அவர் பெயரிட்டு எழுதும் இரண்டு வரி அவ்வாயிரத்தினும் மேலானது.

மேற்கொள்ளத்தக்க நியமங்கள்

தடை மட்டும் கூறிச் செல்வது இல்லறத்தார்க்குப் பயன்படாது. ஆதலின் நம் வாணிக அன்பர்கள் கைக்கொள்ளத்தக்க சில நியமங்களை முன்வைக்கின்றோம்.

1. முகவரிப் பட்டியலை விலைக்கு வாங்குவதில்லை. தம்மிடம் உள்ளதை விற்பதுமில்லை.

2. முன்னறியாதவர்க்கு எழுதுவதாயின் ஒருவர்க்கு ஒரு மடல். அவருடைய தொழிலை அறிந்து, அவர்க்கு இது ஏன் பயன்படும் என்பதை மடலிலேயே சொல்ல இயன்றால் மட்டும் எழுதுதல்.

3. தம் உண்மைப் பெயர், ஊர், தொலைபேசி எண் ஆகியவற்றை மறைக்காமை. தலைப்பில் பொய் கூறாமை.

4. மறுமொழி வாராவிடின் அதனையே மறுப்பாகக் கொண்டு விடுதல். வேண்டாம் என்பாரை அன்றே நீக்குதல்.

5. ஒரு காரியத்திற்காகப் பெற்ற விவரத்தை, கொடுத்தவரைக் கேளாமல், வேறு காரியத்திற்குப் பயன்படுத்தாமை.

6. ஒவ்வொரு மாதமும் அனுப்பக்கூடிய புதிய மடல்களுக்கு ஓர் எண்ணிக்கை வரையறுத்துக்கொள்ளுதல். திசைக்கும் பொருளுக்கும் அளவு வகுத்துக்கொள்ளும் நம் மரபுக்கு இஃது இயல்பானதே.

இந்நியமங்களை ஏற்றால் தொண்டாமுத்தூர் இளைஞர்க்கு நட்டம் நேராதா? முதற்கண் நேரவும் கூடும். நாளொன்றுக்கு ஐந்து கடைகளைத் தேர்ந்து, அவற்றைப் பற்றிப் படித்து, ஐந்து மடல் எழுதுபவர்க்கு ஆண்டில் 300 வேலை நாள் எனின் 1,500 மடல்களே செல்லும். ஒரு இலட்சத்திற்கு முன் அஃது எம்மாத்திரம்? அவற்றுள் இருபது பலிக்குமா என்பதற்கு எவரும் உறுதி தர இயலாது. பலிக்கும் என்று வாக்களித்து அறத்தை விற்பதும் ஒருவகை விளம்பரமே. அதனை நாம் செய்யோம். தராசைச் சரியாகப் பிடிப்பவர்க்கும் அந்த ஐந்து கிராம் ஆதாயம் இல்லாமற்போகவே செய்கின்றது. அதனை இழப்பு என்று நம் முன்னோர் எழுதவில்லை. தமதல்லாதது தம்மிடம் சேராமற்போனது, அவ்வளவே.

ஆகவே, அன்பர்களே, அடுத்த முறை ஒரு மடலைப் பலர்க்கு அனுப்ப விரல் முனையும்போது, பெறுவோருள் ஒருவரையேனும் முகங்கொண்டு எண்ணிப் பாருங்கள். அவர் வாயிலில் நின்று எதிர்கொள்வாரா, கதவைச் சாத்துவாரா என்று வினவுங்கள். விடை தெரியாத இடத்தில் நின்றுவிடுவதே கள்ளாமை.

அருகன் அறம் ஓங்குக!